மூன்று நெருப்பு: மாய யதார்த்தக் கதை யார் பக்கம் நிற்கிறது?

சிவபெருமான் அனுப்பிய பூதகணங்கள் ஒரே இரவில் நாற்பது வேலி நிலத்தையும் உழுது, நட்டு, விளையவைத்து, அறுத்துப் போர் போட்டுவிட்டன என்று கதாகாலட்சேபத்தில் பாடினால் சபை கண்ணீர் மல்கக் கேட்கிறது. பணக்கார மிராசுதார்கள் இருட்டில் நடந்துபோய்ச் சேரிக்குத் தீ வைத்தார்கள் என்று சாட்சி சொன்னால், அது நம்பும்படியாக இல்லை என்கிறது நீதிமன்றம். முன்னது கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. பின்னது கீழ்வெண்மணி வழக்கு.

எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று முடிவு செய்கிற அதிகாரம் இந்த நாட்டில் யார் கையில் இருக்கிறது? இந்தக் கேள்வியோடுதான் மாய யதார்த்தம் என்ற கதை வகையைப் பற்றிப் பேச வருகிறோம். இலக்கியக் கூட்டத்துக்குரிய விஷயம், களப்பணியில் இருப்பவர்களுக்கு இது எதற்கு என்று நினைக்கும் தோழர்கள் கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள். மனு எழுதுகிறவர்களுக்கும், உண்மை அறியும் குழுவில் போகிறவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

தட்டாஞ்சாவடியில் தொழிற்பேட்டையை ஒட்டி வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள். ஷிப்ட் முடித்து நேராக வருகிறவர்களும் உண்டு. அங்கே ஒரு தம்பி கேட்டார்: "தோழர், பேய் வந்தா பேய்க்கதை. சாமி வந்தா புராணம். மார்க்வெஸ் எழுதுனா மட்டும் மாய யதார்த்தமா?" எல்லோரும் சிரித்தோம். ஆனால் கேள்வி சரியான கேள்வி. பல்கலைக்கழகப் பாடநூல்கள் இதற்குப் பல பக்கங்களில் பதில் சொல்கின்றன. நாம் நம் வழியில் சொல்லிப் பார்ப்போம்.

எது மாய யதார்த்தம் இல்லை?

முதலில் பக்கத்து வீடுகளைப் பார்த்துவிடலாம். விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் பேசும். அந்த உலகத்தின் சட்டமே அப்படி. ஹாரி பாட்டரும் அதே மாதிரிதான். நாம் வாழும் உலகத்தை விட்டுவிட்டு, வேறு விதிகள் உள்ள இன்னொரு உலகத்துக்குள் போகிறோம். இது மிகைபுனைவு.

அறிவியல் புனைகதையில் விசித்திரத்துக்கு ஒரு விளக்கம் இருக்கும். இயந்திரம், மருந்து, வேற்றுக்கிரகம் என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லப்படும். பேய்க்கதையில் பயம் முக்கியம். வந்தது பேய்தானா, மனப்பிரமையா என்ற தவிப்பில் வாசகரை நிறுத்திவைக்கும் கதைகளைத் தனி வகையாகப் பிரித்து, 1970இல் தொதரோவ் என்ற விமர்சகர் ஒரு நூலே எழுதினார். சர்ரியலிசம் கனவிலிருந்தும் நனவிலியிலிருந்தும் பொருளெடுக்கிறது. நாட்டுப்புறக் கதைக்கு ஆண்டு, தேதி, தாலுகா கிடையாது. ஒரு ஊர்ல ஒரு ராஜா, அவ்வளவுதான்.

மாய யதார்த்தத்தில் ஊர் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, கூலி எவ்வளவு என்பது இருக்கிறது, கம்பெனியும் போலீசும் இருக்கின்றன. அதே ஊரில், அதே தெருவில், நடக்கமுடியாத ஒன்று நடக்கிறது. கதை சொல்பவர் அதைக் கண்டு அலறுவதில்லை, விளக்கம் தருவதில்லை, மன்னிப்புக் கேட்பதில்லை. மழை பெய்தது என்று சொல்லும் அதே குரலில் அதையும் சொல்லிவிட்டுப் போகிறார். இந்தக் குரலைத் தன் பாட்டியிடமிருந்து எடுத்துக்கொண்டதாக மார்க்வெஸ் பலமுறை சொல்லியிருக்கிறார்.

பெயரின் வரலாறு சுருக்கமாக: 1925இல் ஃபிரான்ஸ் ரோ என்ற ஜெர்மானியக் கலை விமர்சகர் ஓவியத்தைக் குறிக்க இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். 1949இல் கியூப எழுத்தாளர் அலெஹோ கார்பெந்தியர் தன் நாவலின் முன்னுரையில், லத்தீன் அமெரிக்காவின் யதார்த்தமே அற்புதமானது என்று ஒரு வாதத்தை வைத்தார். 1967இல் மார்க்வெஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' வந்தது. 1982இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த நாவல் தமிழில் முழுமையாக வந்தது 2013இல். ஆனால் நம் புதுமைப்பித்தன் 1943இலேயே சென்னை பிராட்வேயில் கடவுளை நிறுத்தி, காபி வாங்கிக் கொடுத்து, கந்தசாமிப் பிள்ளையின் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாவும் கட்டவைத்துவிட்டார். பெயர் பிறகுதான் வந்தது, சரக்கு முன்பே இருந்தது.

இதுவரை சொன்னது வகைப்பாடு. தேர்வுக்கு இது போதும். நமக்குப் போதாது.

முதல் நெருப்பு: மக்கண்டால்

கார்பெந்தியரின் அந்த நாவலின் பெயர் 'இந்த உலகத்தின் ராஜ்ஜியம்'. களம் இன்றைய ஹெய்தி. அன்று அது சான் தொமிங் என்ற பிரெஞ்சுக் காலனி. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள் கரும்புத் தோட்டங்களில் செத்துக்கொண்டிருந்தார்கள். கரும்பாலையில் ஒரு கையை இழந்த மக்கண்டால் என்ற அடிமை தப்பியோடி, பச்சிலை விஷத்தை ஆயுதமாக்கி, எஜமானர்களுக்கு எதிராக ஒரு ரகசிய அமைப்பையே கட்டினார். வரலாற்றில் உண்மையாக வாழ்ந்த மனிதர் அவர். 1758 ஜனவரியில் அவரைப் பிடித்துக் கம்பத்தில் கட்டி உயிரோடு எரித்தார்கள். அடிமைகள் எல்லோரையும் கூட்டிவந்து நிற்கவைத்து, அவர்கள் கண் முன்னால் எரித்தார்கள்.

நாவலில் அந்தக் காட்சி இப்படிப் போகிறது. தீ எழும்புகிறது. கயிறு அறுகிறது. மக்கண்டால் கட்டிலிருந்து விடுபட்டுக் காற்றில் எழும்பிக் கூட்டத்தின் தலைக்கு மேலே பறந்துபோனதை அடிமைகள் பார்க்கிறார்கள். அவர் தப்பிவிட்டார் என்று ஒரே ஆரவாரம். அந்தக் களேபரத்தில் சிப்பாய்கள் அவரைப் பிடித்து மீண்டும் தலைகீழாக நெருப்பில் தள்ளியதைப் பார்த்தவர்கள் மிகச் சிலர். அன்று மாலை அடிமைகள் சிரித்துக்கொண்டே தோட்டத்துக்குத் திரும்புகிறார்கள். தங்கள் இனத்தவன் ஒருவன் எரிந்து சாவதைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்களே, இவர்களுக்கு உணர்ச்சியே கிடையாதா என்று எஜமானர் தன் மனைவியிடம் தத்துவம் பேசுகிறார்.

கவனியுங்கள் தோழர்களே. நாவல் இரண்டையும் சொல்கிறது. எரிந்ததையும் சொல்கிறது, பறந்ததையும் சொல்கிறது. "பாவம், அறியாத மக்கள் அப்படி நம்பினார்கள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அது எஜமானரின் பார்வையில் எழுதப்பட்ட யதார்த்த நாவலாகியிருக்கும். எரிந்ததைச் சொல்லாமல் பறந்ததை மட்டும் சொல்லியிருந்தால் புராணமாகியிருக்கும். இரண்டையும் ஒரே தரத்தில் வைத்ததால்தான் வாசகர் ஒரு கேள்வியைச் சந்திக்கிறார்: அன்று அந்த மைதானத்தில் நடந்ததைச் சரியாகப் பார்த்தது யார்? உடலைப் பார்த்த எஜமானரா, அடுத்த கலகத்தைப் பார்த்த அடிமைகளா? 1791இல் அந்தத் தீவு பற்றியெரிந்தது. 1804 ஜனவரி 1ஆம் நாள் ஹெய்தி விடுதலை பெற்றது. மக்கண்டாலின் கதை முடிந்துவிட்டது என்று நினைத்த எஜமானர்தான் யதார்த்தம் தெரியாதவராகிப் போனார்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் கதை தூரத்துக் கதை இல்லை. மக்கண்டால் எரிக்கப்பட்ட அதே 1758இல்தான் அதே பிரெஞ்சு மன்னரின் தளபதி லாலி இங்கே வந்திறங்கினார். ஒயிட் டவுனில் இன்றும் அவர் பெயரில் வீதி இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் இந்தத் துறையிலிருந்தும் மனிதர்கள் அடிமைகளாக மொரீஷியஸ், ரீயூனியன் தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். ஆள் பிடித்து விற்றவர்களைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பே பேசுகிறது. பிடித்தவர்கள் பற்றிய பதிவு நமக்குக் கிடைக்கிறது. பிடிக்கப்பட்டவர்கள் கடைசியாகத் திரும்பிப் பார்த்த கடற்கரையில் என்ன கண்டார்கள் என்பது எந்த ஏட்டிலும் இல்லை.

இரண்டாம் நெருப்பு: நந்தன்

இனி நம் ஊர் நெருப்புக்கு வருவோம். பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தவர். சிதம்பரம் போக ஆசைப்பட்டு, நாளைக்குப் போவேன் நாளைக்குப் போவேன் என்று நாளைக் கடத்தியவர். தில்லை எல்லைக்கு வந்தும் உள்ளே போகமுடியவில்லை. கனவில் இறைவன் சொன்னபடி தீ மூட்டப்படுகிறது. நந்தன் இறங்குகிறார். மார்பில் பூணூலும் தலையில் சடையுமாக முனிவராகி வெளியே வருகிறார். கோயிலுக்குள் போகிறார். அதன்பின் அவரைக் காணவில்லை.

இதிலும் நெருப்பு, இதிலும் அற்புதம், இதிலும் ஒடுக்கப்பட்ட ஒரு மனிதர். அப்படியானால் இது மாய யதார்த்தமா? இல்லை. ஏன் இல்லை என்பதில்தான் இந்த வகையின் உயிர் இருக்கிறது.

நந்தன் கதையில் அற்புதம் அதிகாரத்தின் சிக்கலைத் தீர்த்துவைக்கிறது. வாசலில் நிற்கும் பறையரை உள்ளே விடுவதா வேண்டாமா என்பது கோயிலின் சிக்கல். தீயில் பறையர் எரிந்துபோக, பிராமண உருவம் வெளியே வருகிறது. வாசல் விதி ஒரு அங்குலம்கூட நகரவில்லை. பாரதியின் கீர்த்தனையில் வரும் பூதகணங்களும் அப்படித்தான். ஓர் ஆள் ஒரே இரவில் செய்யமுடியாத வேலையைச் சொல்லும் வேதியரின் கட்டளையைக் கதை கேள்வி கேட்கவில்லை. அந்தக் கட்டளையை நிறைவேற்றித் தர வானத்திலிருந்து ஆள் அனுப்புகிறது. சேக்கிழாரிடம் அந்த வேதியப் பண்ணையாரே கிடையாது, அவர் பாரதி சேர்த்த பாத்திரம். சேர்த்ததால் பண்ணையடிமை முறை கதைக்குள் வந்தது. ஆனால் அற்புதம் நிகழ்ந்ததும் பண்ணையாரும் பக்தராகிவிடுகிறார், கணக்கு நேராகிவிடுகிறது.

மக்கண்டாலின் அற்புதம் எந்தக் கணக்கையும் நேராக்கவில்லை. எஜமானரால் அதைப் பார்க்கவே முடியவில்லை. அது ஒடுக்கப்பட்டவர்களிடம் மட்டும் தங்குகிறது, அவர்களை அடுத்த நாளுக்குத் தயார் செய்கிறது.

நந்தனை இங்கே குறைத்துப் பேசவில்லை. பாபாசாகேப் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட 'தீண்டப்படாதார்' நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளர் ஆகிய மூவரின் நினைவுக்குத்தான் காணிக்கையாக்கினார். நமது சண்டை நந்தனோடு இல்லை, நந்தனைத் தீயில் இறக்கிய கதைசொல்லியோடுதான். பண்டிதர் அயோத்திதாசர் இந்தச் சண்டையை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டார். அவருடைய எழுத்தில் நந்தன் பண்ணையாள் இல்லை, ஓர் அரசன். வேடதாரிகளைக் கேள்வி கேட்டதற்காகச் சூழ்ச்சியால் கொல்லப்பட்டவன். ஒரே பெயர், ஒரே மண். யார் கதை சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒருவன் அடிமையாகவும் அரசனாகவும் ஆகிறான்.

மூன்றாம் நெருப்பு: வெண்மணி

1968 டிசம்பர் 25 இரவு. கீழத்தஞ்சையில் கீழ்வெண்மணி. கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள், செங்கொடி சங்கத்தை விட மறுத்தார்கள். இராமையாவின் குடிசைக்குள் ஓடி ஒளிந்தவர்களை உள்ளேயே வைத்துக் கொளுத்தினார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களைச் சென்னை உயர்நீதிமன்றம் பின்னர் விடுதலை செய்தது. இவ்வளவு நிலமுள்ளவர்கள், அதில் ஒருவர் கார் வைத்திருப்பவர், தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம், ஆட்களை அனுப்பியிருப்பார்களே தவிர தாங்களே வந்திருக்கமாட்டார்கள் என்ற போக்கில் தீர்ப்பின் வாதம் போனது.

இந்தத் தீர்ப்பை ஓர் இலக்கிய விமர்சனமாக வாசித்துப் பாருங்கள். பணக்காரர் என்ற பாத்திரம் இப்படித்தான் நடந்துகொள்ளும், இப்படி நடந்துகொள்ளாது என்று அது சொல்கிறது. கண்ணால் கண்ட சாட்சிகள் சொன்னது கதைக்குப் பொருந்தவில்லை என்று தள்ளுகிறது. எது யதார்த்தம் என்ற தீர்மானம் சட்டப் புத்தகத்தில் இருந்து வரவில்லை. தெருவில் யார் செருப்புப் போட்டு நடக்கலாம், யார் நடக்கக்கூடாது என்று தீர்மானிக்கிற அதே இடத்திலிருந்துதான் வந்தது.

மார்க்வெஸின் நாவலில் இதற்கு ஓர் இரட்டைப் பிறவி இருக்கிறது. 1928 டிசம்பரில் கொலம்பியாவின் சியனாகாவில், யுனைடெட் ஃப்ரூட் கம்பெனிக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்த வாழைத்தோட்டத் தொழிலாளர்களை ராணுவம் சுட்டது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பது இன்றுவரை முடிவாகவில்லை. நாவலில் ஒருவன் பிணங்கள் அடுக்கிய ரயிலில் கண் விழிக்கிறான். மூவாயிரம் பேர் இருக்கும் என்கிறான். குதித்துத் தப்பி ஊருக்கு வந்து சொன்னால் யாரும் நம்பவில்லை. இங்கே சாவே விழவில்லை என்கிறார்கள். பிறகு நான்கு ஆண்டும் பதினோரு மாதமும் இரண்டு நாளும் மழை பெய்கிறது.

மழையைப் பார்த்து வாசகர்கள் "ஆகா, மாயம்" என்கிறார்கள். எங்களுக்கு அந்த நாவலில் மிகப் பெரிய மாயம் மழை இல்லை. மூவாயிரம் பிணங்களை ஓர் அறிக்கை காணாமல் செய்ததுதான். மழையை அந்த ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள், கொலையைத்தான் நம்பமாட்டேன் என்கிறார்கள். நடக்கமுடியாதது சாதாரணமாகவும், நடந்தது நம்பமுடியாததாகவும் தலைகீழாக நிற்கிறது. அந்தத் தலைகீழ் நிலை எழுத்தாளர் கற்பனை செய்தது இல்லை. ஒடுக்கப்பட்டவர்கள் தினமும் வாழ்கிற நிலை.

வெண்மணியை வைத்து எழுதப்பட்ட இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1975இல் வந்து 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. யதார்த்த நாவல்தான். ஆனால் நிலக்கிழாரின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக்குறைவைக் காரணமாக வைத்ததற்காக அது இன்றுவரை விமர்சிக்கப்படுகிறது. யதார்த்தம் என்ற முத்திரை இருந்தால் உண்மை தானாக வந்துவிடாது என்பதற்கு இது ஒரு பாடம். சாதியும் கூலியும் நடத்திய கொலை, யதார்த்தத்தின் பெயரால் ஒரு தனிமனிதனின் படுக்கையறைக் கோளாறாகச் சுருங்கிவிட முடியும்.

நம் தெருவின் நம்பமுடியாதவை

2024 ஜூன் மாதம் நம் பக்கத்து ரெட்டியார்பாளையம் புதுநகரில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். பாதாளச் சாக்கடையின் விஷவாயு வீட்டுக் கழிப்பறை வழியாக ஏறி வந்தது. இரண்டு பெண்களும் ஒரு பள்ளி மாணவியும் இறந்துபோனார்கள். சாக்கடை வீட்டுக்குள் ஏறி வந்து ஆளைக் கொல்லும் என்று 2023இல் ஒருவர் கதை எழுதியிருந்தால் மாய யதார்த்தம் என்றுதான் பேர் வைத்திருப்பார்கள். ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்தக் குழியில் இறங்க வைக்கப்பட்டவர்களுக்கு அது ஒருபோதும் மாயமாக இருந்ததில்லை. மூடியைத் திறந்து எவ்வளவு நேரம் விடவேண்டும், எந்த வாடை வந்தால் இறங்கக்கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு தெருவுக்கு அதிசயமாக இருப்பது இன்னொரு தெருவுக்கு வேலை அனுபவம்.

களப்பணியில் நாங்கள் சந்தித்த ஓர் அம்மா. அவர் கணவர் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. மனு எழுத உட்கார்ந்தோம். 2013ஆம் ஆண்டுச் சட்டம், 2014 தீர்ப்பு சொன்ன 10 லட்சம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்திய உச்ச நீதிமன்றம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அவரு இன்னும் மேல ஏறிக்கிட்டுதாம்மா கீறாரு. ராத்திரியில ஏணி சத்தம் கேக்கும். மேல வந்தா குளிக்கணுமில்ல, அதான் வாளியில தண்ணி புடிச்சி வெச்சிட்டுப் படுப்பேன்."

இதை எந்த மனுவில் எழுதுவது? எழுத முடியாது, எழுதவும் கூடாது. மனுவுக்குத் தேதி வேண்டும், நேரம் வேண்டும், இறக்கிவிட்ட ஒப்பந்ததாரர் யார், பாதுகாப்புக் கவசம் கொடுத்தாரா என்பது வேண்டும். ஏணிச் சத்தத்தை எழுதினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை மட்டும் பிடித்துக்கொண்டு மொத்தச் சாட்சியத்தையும் உடைத்துவிடுவார். மனு எழுதினோம். தேதியோடு, நேரத்தோடு, இறுக்கமாக. ஆனால் ஏணிச் சத்தம் பொய்யா? முதுகலைச் சமூகவியல் வகுப்பில் தாமஸ் என்ற அமெரிக்க அறிஞரின் கோட்பாட்டைப் படித்தோம். மக்கள் ஒரு நிலைமையை உண்மை என்று கொண்டால் அதன் விளைவுகள் உண்மையாகிவிடும் என்பது அதன் சாரம். வாளித் தண்ணீர் உண்மை. பல வருடங்களாக ஒவ்வொரு இரவும் பிடித்துவைக்கப்படும் தண்ணீர் அது. வழக்கு முடியாதவரை அந்த மனிதர் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார். இதைச் சொல்லக்கூடிய இடம் கதை மட்டும்தான். பக்கத்தில் நின்று "பாவம், மனப்பிரமை" என்று முணுமுணுக்காத கதை.

அலுவலகத்தின் மாயத்தையும் சொல்லவேண்டும். புதுச்சேரியில் சாதிச் சான்றிதழ் வாங்கியவர்களுக்குத் தெரியும். இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போன பிள்ளையிடம், 1964இல் குடியரசுத் தலைவர் ஆணை வந்தபோது உன் குடும்பம் எங்கே இருந்தது என்று காகிதம் கேட்கிறது. பூர்வீகமா, குடிபெயர்ந்தவரா? தமிழ்நாட்டு எல்லை பல இடங்களில் ஒரு தெரு தள்ளித்தான் போகிறது. தாத்தா அந்தத் தெருவிலிருந்து இந்தத் தெருவுக்கு வந்த ஆண்டைப் பொறுத்துப் பேரனின் உரிமை தோன்றுகிறது, மறைகிறது. ஆனால் தீண்டாமைக்கு மட்டும் இந்தக் குழப்பம் கிடையாது. அது எந்த எல்லையையும் சான்றிதழ் இல்லாமலே தாண்டிவிடுகிறது. இதை அப்படியே எழுதினால் போதும். மாயம் சேர்க்கவேண்டிய தேவையே இல்லை.

இரண்டு எச்சரிக்கைகள்

ஒன்று. "நாம் பகுத்தறிவு பேசுகிறவர்கள். ஆவி, அற்புதம் என்றெல்லாம் எழுதுவது மூடநம்பிக்கையைத் திரும்பக் கொண்டுவராதா?" என்று மூத்த தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் பதில்: மூடநம்பிக்கை ஒரு தகடை விற்கிறது, ஒரு பரிகாரத்தைச் சொல்கிறது, காசு கேட்கிறது, கீழ்ப்படியச் சொல்கிறது. நல்ல மாய யதார்த்தக் கதை எதையும் விற்பதில்லை. எதை நம்பவேண்டும் என்றும் சொல்வதில்லை. இந்த மக்கள் ஏன் இப்படிப் பார்க்கிறார்கள், அவர்கள் கண்ணை இந்த இடத்துக்குத் தள்ளியது எது என்று கேட்கவைக்கிறது. அப்படிக் கேட்கவைக்காத கதையைச் சந்தேகப்படுங்கள்.

இரண்டு. தமிழில் மாய யதார்த்தம் பேசப்பட்ட காலமும் தலித் இலக்கியம் எழுந்த காலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தமிழவனின் 'ஏற்கெனவே சொல்லப்பட்ட மனிதர்கள்' 1985இல் வந்தது. சிவகாமியின் 'பழையன கழிதலும்' 1989, பாமாவின் 'கருக்கு' 1992, இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994. ஒரு பக்கம் புதிய வடிவம் என்ற கொண்டாட்டம், மறுபக்கம் இதுதான் என் வாழ்க்கை என்ற சாட்சியம். வடிவத்தைக் கொண்டாடியவர்களில் சிலர், மார்க்வெஸின் கதை பாட்டியின் தெளிவான குரலில் இருக்கிறது என்பதை மறந்து, யாருக்கும் புரியாத வாக்கியங்களை மாயம் என்று நினைத்துக்கொண்டார்கள். சாட்சியம் எழுதியவர்களைப் பார்த்து "இது வெறும் பதிவு, கலை இல்லை" என்றும் சிலர் சொன்னார்கள். இரண்டும் தவறு. கருக்கு இல்லாமல் நமக்கு நிற்க இடமே இருந்திருக்காது. சாட்சியம்தான் தரை. தரை இருந்தால்தான் அதற்கு மேலே ஒருவர் பறக்கமுடியும்.

சோ. தர்மனின் 'கூகை' 2005இல் வந்தது. தன்னைத் தலித் எழுத்தாளர் என்று முத்திரை குத்துவதை அவர் ஏற்பதில்லை, அதை மதிப்போம். ஆனால் அந்த நாவலைப் படியுங்கள். இரவில் பலம் கொண்ட பறவை, பகலில் சின்னஞ்சிறு பறவைகளெல்லாம் கொத்தித் துரத்துகிற பறவை, அங்கே சாமியாகிறது. வெளிநாட்டிலிருந்து எந்த வடிவத்தையும் இறக்குமதி செய்யாமல், கரிசல் மண்ணிலேயே அது நடக்கிறது. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசன் 1987இல் எழுதிய 'பிலவ்ட்' நாவலில் கொல்லப்பட்ட குழந்தை திரும்பி வருகிறது. அதன் வேர், 1856இல் மகளை மீண்டும் அடிமையாக்க விடாமல் தானே கொன்ற மார்கரெட் கார்னரின் உண்மைச் சம்பவம். மாய யதார்த்தம் என்ற முத்திரையை மாரிசனும் விரும்பவில்லை. அந்த முத்திரை கறுப்பின மக்களின் சொந்த அறிவு மரபையும் அரசியலையும் மறைத்துவிடும் என்பது அவர் கவலை. நாமும் இந்தக் கவலையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். நம் ஆயாக்கள் சொன்னதை "மாயம்" என்று முதலில் பெயர் வைத்தவர் யார் என்று கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

வாசிக்கும்போது கேட்கவேண்டிய மூன்று கேள்விகள்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு கதையை எடுத்தால் மூன்று கேள்விகளை வைத்துக்கொள்கிறோம். நடக்கமுடியாத ஒன்று கதையில் நடக்கும்போது அதனால் யாருடைய சிக்கல் தீர்கிறது? அதைக் கதைசொல்லி யார் கண்ணால் பார்க்கிறார்? கதை முடிந்தபின், நாம் இதுவரை சாதாரணம் என்று நினைத்திருந்த எது அசாதாரணமாகத் தெரிகிறது?

அதிகாரத்தின் சிக்கல் தீர்ந்தால் அது புராணம். வேறு உலகத்துக்குப் போய்விட்டால் மிகைபுனைவு. விளக்கம் கிடைத்துவிட்டால் அறிவியல் புனைவு அல்லது துப்பறியும் கதை. எதுவும் தீராமல், நம் தெருவிலேயே நின்று, நம் தெருவையே நமக்கு அந்நியமாகக் காட்டினால் அதுதான் மாய யதார்த்தம். இப்படி ஒரு தம்பிக்குச் சொன்னபோது, பக்கத்திலிருந்த தங்கை சொன்னார்: "அப்ப எங்க ஆயா பேசறது பூரா இதுதான் அக்கா. அது சொல்லும்போது யாரும் நோட்டு எடுக்கல." அடுத்த வாரம் நோட்டு எடுத்துவரச் சொல்லியிருக்கிறோம்.

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், அந்தத் தண்ணீரைக் குடித்த மக்களிலிருந்தே மூன்று பேர் மீது சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. இதை நம்பச் சொல்கிறார்கள். இந்த நாட்டில் மாயக்கதை எழுதுகிறவர்கள் யார் என்று இப்போது நீங்களே சொல்லுங்கள்.

அதனால் இளம் தோழர்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். இரண்டு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தேதி, நேரம், பெயர், பிரிவு எண், சாட்சி எல்லாவற்றையும் எழுதுங்கள். அதில் ஒரு சொல்கூட மிகையாக இருக்கக்கூடாது. இன்னொன்றில் ஏணிச் சத்தத்தை எழுதுங்கள், வாளித் தண்ணீரை எழுதுங்கள், ஆயா சொன்னதை அவர் சொன்ன குரலிலேயே எழுதுங்கள். முதல் நோட்டு நீதிமன்றத்துக்குப் போகட்டும். அந்த நீதிமன்றம் நம்ப மறுக்கிற அன்றைக்கு இரண்டாவது நோட்டு மக்களிடம் போகட்டும்.